ஒரு கெரம் போட்டுக்கு இருபத்தைந்து வருசமா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. வரும் ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டத்துக்கு முன்னால் எல்லோரும் வாசிக்க வேண்டும் என்றுதான் இரண்டு இரவு உட்கார்ந்து எழுதியிருக்கிறோம். "நாங்கள்" யார் என்று கேட்கப் போகிறவர்களுக்காக முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நோட்டன் பிரிட்ஜிலும் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளிலும் படிப்பிக்கிற சில ஆசிரியர்கள். மாதாமாதம் இந்த ஊர்ச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள். எந்தக் கட்சியிலும் பதவி இல்லை, கேட்கவும் இல்லை.

2025 மே 29ஆம் திகதி பின்னேரம், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் தேத்தண்ணிக் கடை டீவியில் செய்தி போனது. முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் மஹிந்தானந்த அளுத்கமகேவுக்கு 20 வருடக் கடூழியச் சிறை. லங்கா சதொசவின் முன்னாள் தலைவர் நளின் பெர்னாண்டோவுக்கு 25 வருடம். கடையில் இருந்த பெரியவர் ஒருவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "என்ன சேர் அநியாயம் இது? ஒரு கெரம் போட்டுக்கு இருவத்தஞ்சு வருசமா?"

கடையே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். மறுநாள் ஸ்டாஃப் ரூமிலும் அதே பேச்சு, அதே சிரிப்பு. படித்தவர்கள், கணக்குப் பாடம் எடுக்கிறவர்கள் சிரித்த சிரிப்பு அது. அன்றைக்குச் சிரித்ததற்கு இப்போது வெட்கப்படுகிறோம்.

அது ஒரு கெரம் போட் இல்லை. 14,000 கெரம் போட், அதோடு 11,000 தாம் போட். 2015 ஜனவரி 8ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தல் காலத்தில், விளையாட்டுக் கழகங்களுக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லிச் சதொச ஊடாக வாங்கப்பட்டவை. அரசாங்கத்துக்கு ஏற்பட்ட நட்டம் 5 கோடி 30 இலட்சம் ரூபா அளவில் என்பதுதான் வழக்கு. இலஞ்ச ஊழல் ஆணைக்குழு தொடுத்த வழக்கு, மூன்று நீதிபதிகள் இருந்து விசாரித்துத் தீர்ப்புச் சொன்ன வழக்கு. மேன்முறையீடு செய்வது தண்டனை பெற்றவர்களின் உரிமை, அதில் எங்களுக்கு ஒரு பேச்சும் இல்லை.

சதொச என்றால் என்ன என்று இந்த மலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சம்பளம் போட்ட கிழமை ஹற்றனுக்குப் போய் வரிசையில் நின்று சீனி, பருப்பு, டின் மீன் வாங்குகிற இடம். அரிசி விலை ஏறினால் "சதொசவில் எவ்வளவு?" என்றுதான் முதலில் கேட்போம். அந்த நிறுவனத்தின் காசு, அந்த நிறுவனத்தின் பெயர், அந்த நிறுவனத்தின் கொள்வனவு முறை மூன்றையும் ஒரு தேர்தலுக்குப் பாவித்தார்கள் என்பதுதான் குற்றம். கெரம் போட் வாங்கியது குற்றமில்லை. பிள்ளைகள் விளையாடுவதும் குற்றமில்லை.

5 கோடி 30 இலட்சம் என்று டீவியில் சொன்னால் அது காதில் நிற்பதில்லை. கோடி என்பது எங்களுக்கு ஒரு சத்தம் மட்டும்தான். ஆகவே கரும்பலகையில் போடுகிற மாதிரிப் போட்டுப் பார்ப்போம். அந்தக் காலத்தில் 2013 கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத்தில் ஒரு முழுப் பேருக்குக் கிடைத்தது 620 ரூபா. அடிப்படைச் சம்பளம் 450, மிச்சம் வருகைக் கொடுப்பனவும் மற்றதும். 5 கோடி 30 இலட்சத்தை 620ஆல் பிரித்தால் 85,000 பேருக்கு மேல் வரும். மாதம் 25 நாள், வருசம் 300 நாள் ஒருவர் மலைக்குப் போனாலும் அந்தக் காசை உழைக்க 285 வருசம் கொழுந்து பறிக்க வேண்டும். வெள்ளைக்காரன் இந்தக் காட்டில் கோப்பி நட வருவதற்கு முன்னாலேயே கூடையைத் தூக்கியிருக்க வேண்டும்.

இப்போது 25 வருசம் கூடவா குறைவா என்று அந்தப் பெரியவரே சொல்லட்டும்.

"அவங்க அத பொக்கட்டுல போட்டுக்கலியே" என்று ஒரு வாதம் வரும். வந்தது. நல்ல வாதம் போலத்தான் தெரியும். ஆனால் அப்போதிருந்த இலஞ்சச் சட்டத்தின் 70ஆம் பிரிவு பொக்கட்டை மட்டும் பார்க்கவில்லை. பதவியில் இருக்கிறவர் அந்தப் பதவியைப் பாவித்து அரசாங்கத்துக்கு நட்டம் வரும்படி செய்தாலும், தனக்கோ வேறு ஒருவருக்கோ முறையற்ற நன்மை கிடைக்கும்படி செய்தாலும் அது ஊழல் என்றுதான் அந்தப் பிரிவு சொன்னது. தன் வீட்டுக்கு ஒரு சதம் கொண்டுபோகாத ஆளும் இதில் மாட்டலாம். மாட்டத்தான் வேண்டும். ஏனென்றால் காசை இழந்தவருக்கு, அது யாருடைய பொக்கட்டுக்குப் போனது என்பதால் ஒரு வித்தியாசமும் இல்லை.

இதைவிட எங்களை யோசிக்க வைத்தது வேறொன்று. சம்பவம் நடந்து தீர்ப்பு வர பத்து வருசத்துக்கு மேல் போயிருக்கிறது. அந்தப் பத்து வருசத்தில் இந்த இருவரும் வீட்டில் இருக்கவில்லை. மஹிந்தானந்த விவசாய அமைச்சரானார். 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தி, தேயிலையும் மரக்கறியும் படுத்த காலத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர் அவர்தான். நளின் பெர்னாண்டோ 2022இல் வர்த்தக அமைச்சரானார். சதொச வருவதே அந்த அமைச்சின் கீழ்தான்! ஒரு நிறுவனத்தின் காசை முறைகேடாகப் பாவித்தார் என்று சொல்லப்படுகிற ஆளை, அதே நிறுவனத்துக்கு மேலே கொண்டுபோய் உட்கார வைத்த நாடு இது. அப்போது நாங்கள் என்ன செய்தோம்? மண்ணெண்ணெய் வரிசையில் நின்றோம், உண்மை. ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

விசாரணை என்றால் கத்துவது என்று நினைக்கிறோம். மேடையில் "கள்ளன்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர் "நீ கள்ளன்" என்பார், நாங்கள் கைதட்டுவோம். உண்மையான விசாரணை அப்படி இருப்பதில்லை, பார்க்கச் சலிப்பாக இருக்கும். இந்தக் காசு எந்த நிதியிலிருந்து வந்தது, அந்த நிதி எதற்காக உண்டாக்கப்பட்டது, யார் கையெழுத்துப் போட்டார், சபைக் கூட்ட அறிக்கையில் தீர்மானம் இருக்கிறதா, பொருள் வந்ததற்கு இருப்புப் பதிவேட்டில் பதிவு இருக்கிறதா, போனதற்கு ரசீது இருக்கிறதா. அவ்வளவுதான்.

ஆசிரியர் கலாசாலையில் பொருட்பதிவேடு எழுதப் பழக்கியபோது எங்களில் பாதிப் பேர் தூங்கினோம். பாடசாலைக்கு வந்த பிறகுதான் அதன் அருமை விளங்கியது. காலுடைந்த ஒரு பிளாஸ்டிக் கதிரையைக்கூட நாங்கள் நினைத்தபடி வெளியே வீச முடியாது. வருட முடிவில் பொருட்கணக்கெடுப்புக்கு ஒரு குழு வரும், எண்ணும், பதிவேட்டோடு ஒப்பிடும், கழிக்கலாம் என்று எழுதித் தரும், அதன் பிறகுதான் கழிக்கலாம். ஒரு வருசம் ஒரு கதிரை குறைந்து, கடைசியில் அது சங்கீத அறைப் பலகைகளுக்குப் பின்னால் கிடந்ததைக் கண்டுபிடிக்கும் வரை இரண்டு நாள் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. ஒரு கதிரைக்கு இவ்வளவு. 25,000 பலகை நாட்டுக்குள் வந்து ஊர் ஊராகப் போயிருக்கிறது.

காகிதம் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அதே 2015 தேர்தல் காலத்தின் இன்னொரு வழக்கு, சில் துணி வழக்கு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் 60 கோடி ரூபாவை எடுத்து, பன்சலைக்குப் போகிறவர்களுக்குச் சில் துணி பகிர்ந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்போதைய ஜனாதிபதியின் செயலாளர் லலித் வீரதுங்க, ஆணைக்குழுவின் பணிப்பாளர் நாயகமாக இருந்த அனுஷ பெல்பிட்ட இருவருக்கும் 2017 செப்டெம்பரில் கொழும்பு மேல் நீதிமன்றம் மூன்று வருடக் கடூழியச் சிறையும், தலா 20 இலட்சம் தண்டமும், ஆணைக்குழுவுக்குத் தலா 5 கோடி நட்டஈடும் விதித்தது. 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது.

இந்த விடுதலையைக் காட்டி "பார்த்தீங்களா, எல்லாம் அரசியல் பழிவாங்கல்" என்கிறவர்கள் ஒரு பக்கம். "நீதிமன்றமும் சரியில்லை" என்கிறவர்கள் மறுபக்கம். நாங்கள் இரண்டு பேரோடும் சேரவில்லை. நீதிமன்றம் விடுதலை செய்தால் அவர்கள் குற்றவாளிகள் இல்லை, அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கேள்வி அங்கே முடிந்துவிடுவதில்லை. டெலிபோன் கம்பனிகளை மேற்பார்வை செய்ய உண்டாக்கிய ஒரு நிறுவனத்தின் காசு எதற்காகத் தேர்தல் நேரத்தில் துணியாக மாற வேண்டும்? ஒரு ஆளுக்குத் தண்டனை கொடுக்க ஆதாரம் போதுமா என்பது ஒரு கேள்வி, அந்தச் செலவு செய்திருக்க வேண்டிய செலவா என்பது வேறு கேள்வி. முதலாவதுக்கு நீதிமன்றம் பதில் சொல்லும். இரண்டாவதைக் கேட்க வேண்டியது காசுக்குச் சொந்தக்காரர்.

இன்னும் சில வழக்குகள் விசாரணை வரைக்கும்கூட வரவில்லை. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் மூன்று உறுப்பினர்களின் எழுத்துமூல அனுமதி இல்லை என்ற தொழில்நுட்பக் காரணத்தால் சில பெரிய வழக்குகள் திருப்பி எடுக்கப்பட்டன. மூன்று கையெழுத்து! எங்கள் பாடசாலையில் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதற்கே அதைவிடக் கூடக் கையெழுத்து வாங்குகிறோம்.

2025 ஓகஸ்ட்டுக்கு வருவோம். ஓகஸ்ட் 22ஆம் திகதி முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கைது. 2023 செப்டெம்பரில் ஹவானாவுக்கும் நியூயோர்க்குக்கும் போய்த் திரும்பும் வழியில் லண்டனில் இறங்கி, வுல்வர்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் தன் மனைவி சம்பந்தப்பட்ட வைபவத்துக்குப் போனார், அந்தத் தனிப்பட்ட பயணத்துக்கு அரச பணம் 1 கோடி 66 இலட்சம் அளவில் செலவானது என்பது குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் குற்றச்சாட்டு. அவருடைய தரப்பு மறுக்கிறது. 26ஆம் திகதி பிணை கிடைத்தது. வழக்கு நடக்கட்டும். அவர் குற்றவாளி என்று நாங்கள் எழுதவில்லை, எழுதவும் மாட்டோம்.

எங்களுக்குப் பிரச்சினை அவருக்காக நம்மவர்கள் சொன்ன காரணங்கள். "வயசான மனிசன்." "நாடு விழுந்தப்ப தூக்கி நிறுத்தினவர்." "ஜனாதிபதி என்றால் இருபத்து நாலு மணித்தியாலமும் ஜனாதிபதிதானே?" கடைசியாக, "நாட்டைச் சுருட்டினவங்க எல்லாம் வெளியில, இந்தச் சின்னக் காசுக்கா?" இந்தச் சின்னக் காசு, 2025இல் இருந்த 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில், 12,000 நாட்களுக்கு மேல். அதாவது ஒரு தொழிலாளி பதினெட்டு வயதில் பேர் பதிந்து அறுபதை நெருங்கும் வரை உழைக்கிற மொத்த உழைப்பு. இதைச் சின்னக் காசு என்று சொன்னவர் லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, அம்மாவின் கொழுந்துச் சம்பளத்தில் ஏ.எல். படித்தவர். அதுதான் தாங்க முடியவில்லை.

"ஏன் அவரை மட்டும்?" என்ற கேள்வியில் மட்டும் நியாயம் இருக்கிறது. ஒரு அரசாங்கம் வந்தால் முன்னைய அரசாங்கத்தைப் பிடிக்கும், அது மாறினால் கோப்புகள் தூசி பிடிக்கும், இது நாங்கள் பார்த்து வளர்ந்த நாடகம். ஆனால் அதற்கு மருந்து அவரையும் விட்டுவிடுவதா? மற்றவர்களையும் கேட்பதா? இப்போது ஆட்சியில் இருக்கிறவர்களின் வாகனம், எரிபொருள், விருந்துச் செலவு எல்லாவற்றையும் அதே கண்ணோடு கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. பிரதேச சபைக்கும், வலயக் கல்விக் காரியாலயத்துக்கும், சதொசவுக்கும்கூட ஒரு தாளில் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. இந்த ஊரில் எத்தனை பேர் இதுவரை அப்படி ஒரு கடிதம் எழுதியிருக்கிறோம்?

தோட்டத்துப் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். சம்பளத்தில் 8 வீதம் ஈ.பி.எஃப்.புக்கு வெட்டுகிறார்கள், அதோடு தொழில் தருநர் 12 வீதம் போட வேண்டும். மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும், ரெண்டும் அரசாங்கத்துடையது, இந்தக் காசைக் கட்டாமல் வருசக்கணக்கில் நிலுவை வைத்திருக்கின்றன. தொழிலாளியின் செக்ரோலில் வெட்டின காசு உரிய இடத்துக்குப் போகவில்லை என்றால் அதற்கு நம்ம பாசையில் என்ன பெயர்? ஓய்வுபெற்ற பிறகு காசுக்கு அலைகிற தாத்தாமாரைக் கேளுங்கள், பெயர் சொல்வார்கள். அதேபோல மாதாமாதம் வெட்டப்படுகிற தொழிற்சங்கச் சந்தா. பதிவு செய்த தொழிற்சங்கம் ஒவ்வொரு வருசமும் பதிவாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும், உறுப்பினர் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம் என்று 1935ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. தாத்தா காலத்துச் சட்டம். எந்தத் தோட்டக் கமிட்டியிலாவது அந்தப் புத்தகத்தின் அட்டை என்ன நிறம் என்று தெரிந்த ஒருவர் இருக்கிறாரா? எந்தச் சங்கத்தின் பெயரையும் நாங்கள் சொல்லவில்லை. எல்லாச் சங்கத்துக்காரரும் அவரவர் சங்கத்திலேயே கேட்டுப் பாருங்கள்.

எங்கள் முஸ்லிம் சமூகத்துக்கு இதில் ஒரு சாட்டும் இல்லை. ஸகாத் வசூலிக்கப் போன ஒருவர் திரும்பி வந்து, இவ்வளவு உங்களுக்கு, இது எனக்குக் கிடைத்த அன்பளிப்பு என்று பிரித்து வைத்தார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தன் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிற சம்பவம். உமர் பின் அப்துல் அஸீஸ் பொதுப் பணத்து எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டுச் சொந்தப் பேச்சைப் பேசினார் என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையாட்டுகிறோம், வெளியே வந்து செருப்பைத் தேடும்போதே மறந்துவிடுகிறோம். பள்ளிவாசல் நம்பிக்கையாளர்கள் கணக்குக் காட்ட வேண்டும் என்று 1956ஆம் ஆண்டு வக்பு சட்டமே இருக்கிறது. இருந்தும் எங்காவது ஒரு வாலிபன் எழுந்து கணக்குக் கேட்டால், "ஹாஜியாரைக் கள்ளன் என்கிறாயா?" என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அதோடு கூட்டம் முடியும், சமோசா வரும்.

இனி எங்கள் சொந்த விசயம். ஊர்க்காரர்களுக்கு விளங்கும், வெளியூர்க்காரர்களுக்கு விளங்கத் தேவையில்லை, ஆகவே பெயர் ஒன்றும் போடவில்லை.

எங்களுக்கு ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. முஸ்லிம், தமிழ், சிங்களம் எல்லா வீடும் இருக்கிற சங்கம். எழவு வீட்டுக்கும் மௌத்து வீட்டுக்கும் கதிரை, படங்கு, பெரிய சட்டி, லைட், கடைசியாக ஒரு ஜெனரேட்டர். வெளிநாட்டில் வேலை செய்கிற ஊர்ப் பிள்ளைகள் அனுப்பிய காசில் வாங்கிய ஜெனரேட்டர் அது. வந்த அன்றைக்கு அதற்கு மாலை போட்டு, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தோம். அந்தப் போட்டோவில் நாங்களும் இருக்கிறோம்.

2022 மார்ச் கடைசி. நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய கிழமை. கெசல்கமு ஓயாவை மறித்து விமலசுரேந்திரவின் பெயரில் பவர் ஹவுஸ் வைத்து நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த ஊர் எங்களுடையது, எங்கள் ஊரும் இருட்டில்தான் கிடந்தது. அந்தக் கிழமை மேல் லயத்தில் ஒரு அம்மா இறந்தார். நாற்பது வருசம் மலையில் வேலை செய்தவர், சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு மாதம்கூடச் சந்தா தவறாதவர். ஜெனரேட்டரைக் கேட்டுப் போனோம். "ஹற்றனில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கு" என்றார்கள். இரவு முழுக்க மெழுகுவர்த்தியும் போன் டோர்ச்சும்தான். மழை வேறு. சொந்தக்காரர்கள் வழுக்கி வழுக்கிப் படியேறி வந்தார்கள். பிள்ளைகளுக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்க ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு கிழமை கழித்துத் தெரியவந்தது, ஜெனரேட்டர் ரிப்பேருக்குப் போகவே இல்லை. சங்கத்துக்குப் பொறுப்பானவரின் சொந்தக்காரர் நடத்துகிற ஒரு தங்குமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் இரண்டு பேர் எங்களுக்குச் சொன்னார்கள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? "சரி விடு, பெரிய மனிசன், ஊருக்கு எவ்வளவோ செய்திருக்கிறார்" என்றோம். உண்மையிலேயே செய்திருக்கிறார். அவர் இல்லாவிட்டால் அந்தச் சங்கமே இல்லை. எங்களில் ஒருவருடைய தம்பியின் வேலைக்கு அவர்தான் கடிதம் கொடுத்தார். அதனால் வாயை மூடிக்கொண்டோம். கதிரைகள் கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போவதும் தெரியும், அந்த வாடகை எந்தப் புத்தகத்தில் எழுதப்படுகிறது என்று கேட்கவில்லை. மூன்று வருசம் கேட்கவில்லை. இப்போது சங்கத்தின் நிரந்தர வைப்பும் இடையில் உடைக்கப்பட்டிருக்கிறது என்று பொருளாளரே தயங்கித் தயங்கிச் சொன்ன பிறகுதான் தூக்கம் கலைந்தது. இரண்டு வீட்டுக்கு மரணக் கொடுப்பனவு பாதிதான் போயிருக்கிறது. அதில் ஒரு வீட்டுப் பிள்ளை எங்கள் வகுப்பில் இருக்கிறது.

"பேசித் தீர்ப்போம், ஊர் மானம் போகும்" என்று மூன்று பேர் வீட்டுக்கு வந்து சொன்னார்கள். நல்ல மனிதர்கள், நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆனால் எதைப் பேசி எதைத் தீர்ப்பது? பேசுவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டாமா? அவர் எடுத்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியாது. அவசரத்துக்கு எடுத்து வைத்திருக்கலாம், ஒரு நல்ல காரியத்துக்கே போயிருக்கலாம், வேறு யாராவது அவர் கையெழுத்தை வைத்து விளையாடியிருக்கலாம். தெரியாததால்தான் விசாரணை கேட்கிறோம். கணக்குச் சரியாக இருந்தால் அவரைவிட அதிகமாகச் சந்தோசப்படப் போவது நாங்கள்தான், அன்றைக்கே இதே இடத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதுவோம்.

ஒரு விசயத்தில் மட்டும் கவனம். இந்தப் பதிவின் கீழே யாரும் அவருடைய பெயரையோ, அவருடைய பிள்ளைகளின் போட்டோவையோ போட வேண்டாம். போட்டால் அழிப்போம். அவருடைய மகள் எங்கள் மாணவியாக இருந்தவள், அவளுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை. அவர் வீட்டுக் கடையைப் பகிஷ்கரிப்போம் என்று வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது, அதுவும் வேண்டாம். கேட்க வேண்டியது கூட்டத்தில், அவருடைய முகத்துக்கு நேரே, அவர் பதில் சொல்ல நேரம் கொடுத்து.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 3 மணிக்கு. நாங்கள் வைக்கப் போகிற தீர்மானம் இது. சங்கத்தில் பதவி வகிக்காத மூன்று பேர், அதில் ஒருவர் பெண், ஒருவர் கணக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அவர்களிடம் வங்கிப் புத்தகம், கூட்ட அறிக்கைப் புத்தகம், ரசீதுக் கட்டுகள், பொருட்பதிவேடு எல்லாம் அன்றைக்கே ஒப்படைக்கப்பட வேண்டும். கதிரை, படங்கு, சட்டி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஓர் இடத்துக்குக் கொண்டுவந்து எண்ண வேண்டும். விசாரணை முடியும் வரை பொறுப்பானவர் காசோலையில் கையெழுத்துப் போடாமல் ஒதுங்கி இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் அறிக்கை, தமிழிலும் சிங்களத்திலும், கடைத் தெருவில் ஒட்ட வேண்டும். பொருட்பதிவேடு இல்லை என்று சொன்னால், இருக்கிற பொருளை எண்ணிப் புதிதாக எழுத எங்களில் இரண்டு பேர் தயார், அந்த வேலை எங்களுக்குப் பழக்கம்.

உங்களிடம் சந்தா ரசீது இருந்தால், ஈரம் பட்டுக் கிழிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வாருங்கள். கதிரை வாடகைக்கு எடுத்துக் காசு கொடுத்தவர்கள், எந்தத் திகதி, எவ்வளவு, யார் கையில் கொடுத்தீர்கள் என்பதை ஒரு துண்டில் எழுதி வாருங்கள். மேல் லயத்து ஆட்கள் வருவதற்கு ஓட்டோ ஒன்று ஒழுங்கு செய்திருக்கிறோம், இரண்டரைக்குக் கோயிலடியில் நிற்கும்.